அத்தை படித்த ராணி காலேஜ்

அக்டோபர் வந்தால் எங்கள் ஊரில் தறிச் சத்தத்துக்கு மேலே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கும். செபமாலை மாதா கோயில் திருவிழா. கோவை - அவினாசி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கருமத்தம்பட்டி என்றால் நால் ரோடும், சோமனூர் பக்கம் திரும்புகிற காடா துணி வண்டிகளும் ஞாபகம் வரலாம். எங்களுக்கு மாதா கோயில்தான் ஊர். தேர் வீதிக்கு வரும்போது தலையில் கிரீடமும் கையில் செபமாலையுமாக நிற்பாள். பாட்டி அவளை இராக்கினி என்றுதான் சொல்லுவாள். ஏழெட்டு வயதுவரை எனக்குத் தெரிந்த ஒரே ராணி அவள்தான். பேர் மரியாள், இங்கிலீசில் மேரி.

அதனால்தான் அந்தக் குழப்பம். அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, மெட்ராசில் படித்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளை ஒன்று ரயிலேறி மெட்ராஸ் போய் பி.ஏ. படித்தது சின்ன விஷயம் இல்லை. திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பேச்சில் "எங்க குயின் மேரீஸ்ல..." என்று ஆரம்பிப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன்: "ஏனுங்கத்தை, நம்ம மாதாவா அந்தக் காலேஜ வெச்சிருக்குது?"

வீடே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. சரித்திர டீச்சர் இல்லையா. "அது வேற மேரி கண்ணு. இங்கிலாந்து ராணி. அந்தம்மா அந்தக் காலேஜைக் கண்ணால கூடப் பார்த்ததில்லை" என்றார்.

அத்தை போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் அவருடைய ட்ரங்குப் பெட்டியைப் பிரித்தபோது அட்டையில் ஒட்டிய காலேஜ் குரூப் போட்டோ ஒன்றும், ஒரு கர்ச்சீப்பில் முடிந்து வைத்த ஜார்ஜ் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் இரண்டும் கிடைத்தன. ரூபாய் பாட்டி கொடுத்ததாக இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ராஜா தலை இருக்கிறது, ராணியைக் காணோம். விக்டோரியா காசில் விக்டோரியா இருந்தாள், ஏனென்றால் ஆண்டவளே அவள்தான். ராஜாவைக் கட்டிக்கொண்டு வந்த ராணிக்குக் காசில் இடமில்லை. கப்பலுக்கும் காலேஜுக்கும் பேர் வைப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் காசு ராஜாவின் பெண்சாதிதான் அத்தையின் மேரி. அன்றைக்கு ராத்திரியே அந்தம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. அத்தை சொன்னது பாதி, பிறகு நானே தேடிப் படித்தது பாதி.

காசு என்றதும் ஒன்று. 1911இல் அடித்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ராஜாவின் அங்கியில் ஒரு யானை உண்டு. அச்சில் அது பன்றி மாதிரி விழுந்துவிட்டது. ஜனங்கள் முகம் சுளிக்க, காசைத் திரும்ப வாங்கி, அடுத்த வருஷம் யானையைத் திருத்தி அடித்தார்கள். காசு சேர்ப்பவர்கள் இன்றைக்கும் அதைப் பன்றி ரூபாய் என்கிறார்கள். அத்தை வைத்திருந்த இரண்டும் யானை ரூபாய்தான். விலை பெரிதாகப் போகாது.

சரி, மேரிக்கு வருவோம். 1867 மே 26இல் லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் பிறந்தவர். விக்டோரியா மேரி அகஸ்டா என்று தொடங்கி எட்டுப் பேர் வைத்தார்கள். வீட்டில் கூப்பிட்டது 'மே'. மே மாதம் பிறந்ததால். எங்கள் ஊரிலும் கிழமையை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்ட காலம் இருந்ததே, அந்த மாதிரி.

அரண்மனையில் பிறந்தாலும் வீட்டில் காசு இல்லை. அம்மா, விக்டோரியா ராணிக்குச் சித்தப்பா பெண். தாராளமான கை. வரவு ஒரு பங்கு, செலவு நாலு பங்கு. கடன்காரர்கள் கழுத்தைப் பிடிக்க, 1883இல் குடும்பத்தோடு இத்தாலியின் ஃபிளாரன்சுக்குப் போய் இரண்டு வருஷம் ஒதுங்கி வாழ்ந்தார்கள். அப்பா வழியில் இன்னொரு சிக்கல். அவர் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் அரச குடும்பத்துப் பிள்ளை. ஆனால் அவருடைய தாய் ஹங்கேரியின் ஒரு பிரபு வீட்டுப் பெண். அரச ரத்தம் இல்லை. அதனால் பிள்ளைக்குப் பட்டமும் இல்லை, வாரிசு உரிமையும் இல்லை. அத்தை இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்: "நம்மூர்ல கூட்டம் பாக்கறாங்களே, அதுக்கு அப்பன் அவுங்க." அந்தக் கணக்கில் மேரி ஒரு மாற்றுக் குறைந்த இளவரசி. ஐரோப்பாவின் பெரிய அரச வீடுகள் பெண் கேட்டு வரவில்லை.

பெண் கேட்டது விக்டோரியா கிழவிதான். தன் மகன் வழி மூத்த பேரன் ஆல்பர்ட் விக்டருக்கு. பேரன் சோம்பேறி, படிப்பு ஏறாதவன், நாளைக்கு ராஜாவாக வேண்டியவன். பொறுப்பான ஒரு பெண்ணைக் கட்டிவைத்தால் திருந்துவான் என்று நினைக்கிற பாட்டிகள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள்போல. 1891 டிசம்பர் 3இல் நிச்சயம். அடுத்த பிப்ரவரியில் கல்யாணம் என்று நாள் குறித்தாயிற்று. ஜனவரி 14ஆம் தேதி மாப்பிள்ளை இன்ஃப்ளூயன்சா கண்டு நிமோனியாவில் செத்துப்போனார். இருபத்தெட்டாவது பிறந்த நாள் கழிந்து ஆறே நாள்.

நிச்சயமான மாப்பிள்ளை இப்படிப் போய்விட்டால் அந்தப் பெண்ணை நம் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். கிழவி அப்படிச் சொல்லவில்லை. பெண்ணை அவளுக்குப் பிடித்திருந்தது, கை நழுவ விட மனமில்லை. பட்டம் அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போனது. பெண்ணும் கூடவே போனாள். 1893 ஜூலை 6இல் தம்பி ஜார்ஜுக்கும் மேரிக்கும் கல்யாணம்.

இதைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சீரோடு சேர்த்து ஆளையும் மாற்றிக் கொடுக்கிறார்களே என்று. ஆனால் அந்த வீட்டில் அது நன்றாகவே அமைந்துவிட்டது. ஜார்ஜ் முரட்டு ஆள், கப்பற்படையில் வளர்ந்தவர், தபால் தலை சேர்ப்பதும் வேட்டையும்தான் பொழுதுபோக்கு. இரண்டு பேருக்கும் முகத்துக்கு நேரே அன்பாகப் பேச வராது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதத்தில் அன்பைச் சொல்லிக்கொண்ட ஜோடி. அப்பன் ஏழாம் எட்வர்ட் போலவோ மகன் எட்டாம் எட்வர்ட் போலவோ இந்த ஜார்ஜ் மேல் பெண் விஷயத்தில் ஒரு பேச்சு நிலைத்ததில்லை.

அதே காலத்தில் நம் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1886இல் மெட்ராசில் சுப்புலட்சுமி என்று ஒரு பிராமண வீட்டுப் பெண் பிறந்தாள். பதினொரு வயசில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்துபோனான். மேரிக்குப் போலத் தம்பியைக் காட்டி இங்கே யாரும் சமாதானம் சொல்லப்போவதில்லை. மொட்டை, வெள்ளைச் சேலை, சமையல்கட்டு. அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அவளுடைய அப்பா வேறு மாதிரி ஆள். பிள்ளையைப் படிக்க வைத்தார். 1911இல், மேரி லண்டனில் முடி சூடிய அதே வருஷம், சுப்புலட்சுமி பட்டதாரி ஆனார். மதராஸ் மாகாணத்திலேயே பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண். அடுத்த வருஷம் தன்னைப் போன்ற இளம் விதவைகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார். இடம் மாறி மாறிக் கடைசியில் அது வந்து சேர்ந்த இடம் மெரினாவில் ஐஸ் ஹவுஸ். இப்போது விவேகானந்தர் இல்லம் என்கிறோமே, அதுதான். சிஸ்டர் சுப்புலட்சுமியை மறந்துவிடாதீர்கள், அவரிடம் திரும்ப வருகிறேன்.

1906 ஜனவரியில் இளவரசர் இளவரசியாக ஜார்ஜும் மேரியும் மெட்ராசுக்கு வந்தார்கள். மெட்ராசைப் பொறுத்தவரை அது ஒன்றுதான் விஜயம். எழும்பூரில் விக்டோரியா நினைவு மண்டபத்துக்குக் கல் நாட்டினார் இளவரசர். இன்றைக்கு மியூசியத்துக்குப் போனால் பார்க்கலாம், செந்நிறக் கட்டடம்.

1910 மே மாதம் ஜார்ஜ் ராஜாவானார். விக்டோரியா மேரி என்ற ரெட்டைப் பேர் ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு விக்டோரியா ராணியும் கூடாது. ஆக, 'மேரி' என்று ஆனதே நாற்பத்து மூன்றாம் வயதில்தான். அந்த மே மாதம் நம் கோயம்புத்தூர் ஜெயிலில் வ.உ.சிதம்பரம் பிள்ளை இருந்தார். மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தது இந்த ஜெயிலில்தான். அங்கே ஒரு பெண்ணுக்கு எந்தப் பேர் என்று யோசிக்கிறார்கள். அவள் புருஷன் பேரால் நடக்கிற சர்க்கார் இங்கே கப்பல் விட்ட மனிதரைச் செக்கில் பூட்டி வைத்திருக்கிறது. அத்தை வகுப்பில் இந்த இரண்டையும் சேர்த்தே நடத்துவாராம். அவரிடம் படித்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1911 ஜூன் 22 முடிசூட்டு விழா. அதற்கு ஐந்து நாள் முன்னால் மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அவர் சட்டைப் பையில் இருந்த கடிதத்தில் பேர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தது இந்த ஐந்தாம் ஜார்ஜைத்தான். இந்தியாவில் கால் வைத்தால் உயிரோடு விடமாட்டோம் என்று சபதம். அப்படியும் டிசம்பரில் ராஜாவும் ராணியும் டெல்லிக்கு வந்தார்கள். பதவியில் இருக்கும் பிரிட்டிஷ் ராஜா ஒருவர் தர்பாருக்காகக் கடல் தாண்டி வந்தது அந்த ஒரு தடவைதான். யானை மேல் வருவார் என்று ஜனங்கள் காத்திருக்க, அவர் குதிரை மேல் வந்தாராம். பல பேருக்கு எது ராஜா என்றே தெரியாமல் ஊர்வலம் போய்விட்டது. டிசம்பர் 12 தர்பாரில் மூன்றரை மணி நேரம் கிரீடம் சுமந்து தலை வலித்ததாக அவரே டைரியில் எழுதியிருக்கிறார். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுகிறது என்ற அறிவிப்பு வந்தது அன்றுதான். மூன்று நாள் கழித்துப் புது டெல்லிக்கு இருவரும் கல் நாட்டினார்கள். பின்னால் இடம் சரியில்லை என்று அந்தக் கல்லைப் பெயர்த்து ரைசினா பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். மனையடி சாஸ்திரம் பார்க்காமல் கல் நாட்டினால் இப்படித்தான் என்று எங்கள் அப்பா சொல்லுவார்.

தர்பார் முடிந்ததும் ராஜா நேபாளத்துக்கு வேட்டைக்குப் போய் 21 புலிகளைச் சுட்டார். ராணி போகவில்லை. ஆக்ராவையும் ராஜபுதனத்து அரண்மனைகளையும் சுற்றிப் பார்த்தார். பழம்பொருள், சித்திரம், நகை என்றால் உயிர் அவருக்கு.

நகை என்று வந்துவிட்டதால் கொங்கு நாட்டுக்காரன் நான் சும்மா தாண்டிப் போகமாட்டேன். மேரியின் கதையில் நம் வீட்டுப் பெண்களுக்கு ரொம்பப் பிடிக்கிற இடம் இதுதான். மேரியின் பாட்டி ஜெர்மனியில் ஒரு லாட்டரியில் மரகதம் ஜெயித்தார். பரம்பரையாக வந்த அந்த மரகதங்கள் கடைசியில் மேரியின் தம்பி கைக்குப் போயின. கல்யாணம் ஆகாத அந்தத் தம்பி 1910இல் சாகும்போது அவற்றைத் தன் காதலிக்கு எழுதி வைத்துவிட்டார். அவளோ இன்னொருத்தர் மனைவி. ராணி என்ன செய்தார்? உயிலை யாரும் பார்க்க முடியாதபடி முத்திரை போட வைத்து, அந்த அம்மாவிடம் காசு கொடுத்து மரகதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வீட்டு நகை வெளியே போகக்கூடாது. அடுத்த வருஷம் டெல்லி தர்பாரில் அந்த மரகதங்களைத்தான் அணிந்து உட்கார்ந்தார். அங்கே இந்தியப் பெண்கள் சார்பில் என்று பாட்டியாலா மகாராணி இன்னொரு மரகத நெக்லெஸ் கொடுத்தார். எங்கள் கருமத்தம்பட்டிப் பாட்டிமார் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

மேரி அந்தக் கற்களைக் கழற்றி, சேர்த்து, மாற்றிக் கட்டிக்கொண்டே இருப்பார். அவருடைய மரகத சோக்கர் ஒன்றை 1985இல் ஆஸ்திரேலியாவில் டயானா நெற்றியில் பட்டை மாதிரிக் கட்டிக்கொண்டு ஆடினாரே, பேப்பரில் எல்லாம் படம் வந்தது. கோகினூர் வைரத்தை முதலில் தன் முடிசூட்டுக் கிரீடத்தில் வைத்துக்கொண்டதும் மேரிதான் என்று நினைத்திருந்தேன். இல்லை, அவருக்கு முன்னால் மாமியார் அலெக்ஸாண்ட்ரா கிரீடத்தில் இருந்தது. 1911இல் மாமியாரிடமிருந்து மருமகள் கிரீடத்துக்கு, 1937இல் அங்கிருந்து அவர் மருமகள் கிரீடத்துக்கு. 2023இல் கமிலா சூடியது மேரியின் அதே கிரீடம்தான். கோகினூர் மட்டும் அதில் இல்லை. இப்போது அதை வைத்துக்கொண்டு வெளியே வந்தால் இங்கே என்ன பேச்சு வரும் என்று அவர்களுக்குத் தெரியாதா.

யாராவது வீட்டுக்குப் போனால் நல்ல பொருளைப் பார்த்து 'அழகாக இருக்கிறதே' என்று நின்றுவிடுவாராம், வீட்டுக்காரர் கொடுக்கும்வரை. இது கொஞ்சம் கூட்டிச் சொன்ன கதை என்று அவர் பக்கம் பேசுகிறவர்களும் உண்டு. எங்கள் சொந்தத்திலும் அப்படி ஒரு பெரியம்மா இருந்தார், ஆகவே நான் நம்புகிறேன்.

இனி மெட்ராஸ். 1914 ஜூலையில் மெரினா கடற்கரையில் கேப்பர் ஹவுஸ் என்ற பழைய பங்களாவில் அரசாங்கம் ஒரு பெண்கள் கல்லூரி தொடங்கியது. மெட்ராஸ் நகரத்தில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி. மாகாணத்தில் அதற்கு முன் பாளையங்கோட்டை சாரா டக்கர் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த டோரதி டி லா ஹே முதல் பிரின்சிபால். 1936 வரைக்கும் அவர்தான். ஆரம்பத்தில் பேர் மெட்ராஸ் பெண்கள் கல்லூரி. 1917இல்தான் குயின் மேரீஸ் ஆனது. பேரைக் கொடுத்ததைத் தவிர ராணி அந்தக் கல்லூரிக்குச் செய்தது என்ன என்று அத்தையிடம் ஒருமுறை கேட்டேன். "பேரைக் கொடுத்தாளே, அது போதாதா? ராணி பேர் போட்ட காலேஜ்னா அப்பன்மாரு அனுப்புவாங்க. டி லா ஹே காலேஜுன்னா அனுப்புவாங்களா?" என்றார். அவரையே தாத்தா அனுப்பினது அப்படித்தானாம். 'ராணி காலேஜில் பொண்ணு படிக்குது' என்று சோமனூர் சந்தையில் சொல்லிக்கொள்ளலாம் பாருங்கள். அத்தை போன காலத்தில் கோயம்புத்தூரிலேயே நிர்மலா கல்லூரி 1948இல் வந்துவிட்டது, அவினாசிலிங்கம் 1957இல் வந்துவிட்டது. அதற்கு முந்தின தலைமுறையில் பெண்கள் கல்லூரியில்தான் படிப்பேன் என்று ஒரு கோயம்புத்தூர்ப் பெண் பிடிவாதம் பிடித்தால் ரயிலேறத்தான் வேண்டும்.

சிஸ்டர் சுப்புலட்சுமியின் ஐஸ் ஹவுஸிலிருந்து குயின் மேரீஸுக்குக் கடற்கரை ரோட்டிலேயே நடந்து போய்விடலாம். அந்த விடுதியிலிருந்து மொட்டைத் தலை வளர்ந்து முடி வைத்துக்கொண்ட பெண்கள் இந்தக் கல்லூரிக்குப் படிக்க வந்தார்கள். மாப்பிள்ளை செத்ததால் ராசியில்லாதவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள், மாப்பிள்ளை செத்தும் ராணியான ஒருத்தியின் பேர் எழுதிய வாசலுக்குள் போனார்கள். அந்த வாசலில் பேர் எழுதியவர்களுக்கு இது மனசில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்த ராணிக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அத்தை இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு மேரி என்றால் மரகதம் ஞாபகம் வருவதில்லை, இதுதான் வருகிறது.

குயின் மேரீஸில் படித்தவர்களில் ஒருவர் நம் ஊர்க் கணக்கில் வருவார். இ.கே.ஜானகி அம்மாள். தலைச்சேரிக்காரர், 1897இல் பிறந்தவர். குயின் மேரீஸில் படித்து, பிரசிடென்சியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்து, அமெரிக்காவின் மிச்சிகன் போய் 1931இல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1934இல் வேலைக்கு வந்தது கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு. 1912இல் தொடங்கின நிலையம். இனிப்பான தடிக் கரும்பையும் வறட்சி தாங்கும் காட்டு நாணல் வகையையும் சேர்த்து 'கோ' என்று பேர் வைத்த கரும்புகளை நாடு முழுக்கக் கொடுத்தது. அங்கே ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையும், கரும்பையும் மூங்கிலையும் கலந்து பார்த்தார். குரோமோசோம் எண்ணுவதில் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் கல்யாணம் கட்டாத பெண், மேல்சாதியும் இல்லை. இங்கே அவருக்கு நிம்மதி இருக்கவில்லை. 1939இல் எடின்பரோவில் நடந்த மாநாட்டுக்குப் போனவர், சண்டை வெடித்ததும் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டனில் குண்டு விழும் ராத்திரிகளில் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் உடைந்த கண்ணாடியைப் பெருக்கிவிட்டு வேலை பார்த்தாராம். டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு 1945இல் வந்தது. பிறகு விஸ்லி தோட்டத்தில் வேலை. ஒரு மக்னோலியா மரத்துக்கு இன்றைக்கும் அவர் பேர். நேரு கூப்பிட்டு 1951இல் திரும்பி வந்தார்.

அதே குண்டு விழும் வருஷங்களில் காலேஜுக்குப் பேர் கொடுத்த ராணி என்ன செய்துகொண்டிருந்தார்? 1936இல் புருஷன் போயாயிற்று. அதே வருஷம் மூத்த பிள்ளை எட்வர்ட் இரண்டு தடவை விவாகரத்தான அமெரிக்கப் பெண்ணுக்காக ராஜ்ஜியத்தையே விட்டுவிட்டுப் போனான். சண்டைக் காலத்தில் மேரியைப் பாதுகாப்பாக கிளாஸ்டர்ஷயரில் உறவுக்காரப் பெண்ணின் பேட்மின்டன் மாளிகைக்கு அனுப்பினார்கள். போனவர் ஐம்பதுக்கு மேற்பட்ட வேலைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்காரிக்கு எப்படி இருந்திருக்கும்! மரத்திலும் சுவரிலும் படர்ந்த ஐவிக் கொடி என்றால் ராணிக்கு ஆகாது. வேலையாட்களையும் காவலுக்கு வந்த சிப்பாய்களையும் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் கொடியைப் பிடுங்கித் தள்ளினார். மாட்டுக்குப் போடுகிற காய்ந்த புல் எப்படி இருக்கும் என்றே எழுபது வயசுக்கு மேல் அங்கேதான் தெரிந்துகொண்டாராம்.

யுத்தத்துக்குப் பழைய இரும்பு வேண்டும் என்று சர்க்கார் கேட்டது. ராணி காரில் போகும்போது வழியில் கிடக்கும் இரும்பையெல்லாம் பொறுக்கிவந்து சேர்த்தார். அவற்றில் பாதி, குடியானவர்கள் காட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போன கலப்பையும் கருவியுமாக இருந்ததாம். பொழுது சாய்ந்ததும் வேலைக்காரர்கள் ஓசைப்படாமல் கொண்டுபோய்த் திரும்ப வைத்துவிட்டு வருவார்கள். எங்கள் தோட்டத்தில் இப்படி யாராவது மண்வெட்டியை எடுத்துப் போயிருந்தால் ராணியாக இருந்தாலும் தாத்தா விட்டிருக்க மாட்டார்.

அந்த அம்மா மேல் எனக்கு மரியாதை வந்த இடம் வேறு. முதல் யுத்தம் 1914இல் தொடங்கினதும் சிப்பாய்களுக்குச் சாக்ஸும் சட்டையும் தைத்துக் கொடுங்கள் என்று தன் தையல் சங்கத்தின் பெண்களைக் கேட்டுக்கொண்டார். பணக்கார வீட்டுப் பெண்கள் சும்மா தைத்துக் கொடுக்க ஆரம்பித்தால் கூலிக்குத் தைக்கிற பெண்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று மேரி மக்ஆர்தர் என்ற தொழிற்சங்கப் பெண் சத்தம் போட்டார். ராணி கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணையே அரண்மனைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டு, வேலை போன பெண்களுக்குக் கூலியோடு வேலை கொடுக்கும் நிதி ஒன்றை ஆரம்பித்தார். தறி ஓட்டிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. இலவசத் துணி ஒரு பக்கம் வந்தால் கூலி மறுபக்கம் குறையும் என்கிற கணக்கு இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு ராணிக்குச் சொன்னால் புரிந்தது என்பது எனக்குப் பெரிய சங்கதியாகப் பட்டது.

மரியாதை குறைந்த இடமும் உண்டு. கடைசிப் பிள்ளை ஜான் வலிப்பு நோயாளி. அவனைத் தனி வீட்டில், வளர்ப்புத் தாதியோடு, குடும்பத்தைவிட்டுத் தள்ளி வைத்தார்கள். 1919 ஜனவரியில் பதின்மூன்று வயசில் தூக்கத்தில் இறந்தான். அம்மாவுக்கு அழுகை வெளியே வராது என்பார்கள். இருக்கலாம். எங்கள் பாட்டிக்குக் கூட மூன்று பிள்ளைகள் கண் முன்னால் போனபோது அழுகை வரவில்லை என்று சொல்லுவார்கள், ஆனால் பாட்டி யாரையும் தள்ளி வைக்கவில்லை. மேரி மொத்தம் மூன்று மகன்களைப் பறிகொடுத்தார்: ஜான், 1942இல் விமான விபத்தில் கென்ட் டியூக், 1952இல் ராஜா ஆறாம் ஜார்ஜ். பேத்தி எலிசபெத் முடிசூடப் பத்து வாரம் இருக்கும்போது, 1953 மார்ச் 24இல் கண்ணை மூடினார். தான் போனாலும் விழாவைத் தள்ளிப்போடக் கூடாது என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார். அவர் பேர் வைத்த கப்பல் இப்போது கலிஃபோர்னியாவில் லாங் பீச்சில் ஹோட்டலாக நிற்கிறது.

காலேஜ் கதைக்கு இன்னொரு அத்தியாயம் இருக்கிறது. 2003 ஏப்ரலில் ஜெயலலிதா அரசு அந்த இடத்தில் புதுத் தலைமைச் செயலகம் கட்டப்போகிறோம், காலேஜை இடிக்கிறோம் என்றது. மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு ராத்திரி பகலாக அசையாமல் இருந்தார்கள். உள்ளே போன மு.க.ஸ்டாலினைக் கைது செய்தார்கள். வழக்கு, தடை, கடைசியில் அந்த யோசனையே கைவிடப்பட்டது. அந்த நாட்களில் அத்தை இங்கே எங்கள் வீட்டில்தான் இருந்தார். அறுபது வயசு. காலையில் பேப்பர், ராத்திரி டி.வி. முன்னால் நகரமாட்டார். திரையில் பெண் பிள்ளைகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கோஷம் போடுவதைக் காட்டினார்கள். "என்ன தைரியம் பாரு புள்ளைகளுக்கு. எங்க காலத்துல வார்டன் ஒரு பார்வை பாத்தா ரூமுக்குள்ள ஓடிருவோம்" என்றார். அப்பா சும்மா இருக்காமல், "வெள்ளைக்காரி பேர்ல இருக்கற காலேஜுதானுங்கக்கா, இடிச்சா என்ன போச்சு?" என்று கிண்டினார். அத்தை அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவ பேரு. எங்க காலேஜ்" என்றார்.

போன மாதம் நூல் கணக்கு விஷயமாக சென்னை போயிருந்தேன். சாயங்காலம் வேலை முடிந்து காமராஜர் சாலையில், மணல் பக்கம், காலேஜுக்கு எதிரே நின்றேன். பெட்டியில் கிடைத்த குரூப் போட்டோ பையில் இருந்தது. போட்டோவில் மூன்றாவது வரிசையில் அத்தை, இரட்டை ஜடை, இடுப்பில் சொருகிய சேலை, பின்னால் ஒரு தூண். அந்தத் தூண் எந்தக் கட்டடத்தில் இருந்தது என்று எட்டிப் பார்த்தேன். அடையாளம் தெரியவில்லை; அத்தை காலத்து கேப்பர் ஹவுஸும் இப்போது இல்லை. பிள்ளைகள் கும்பல் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பஸ் பிடிக்க ரோட்டைத் தாண்டி வந்த ஒரு பெண் என் பக்கத்தில் நின்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்:

"க்யூ.எம்.சி. வாசல்லதாம்மா நிக்கிறேன். பஸ்ஸு வந்துரும், வெச்சிரட்டுமா?"